தொட்டி இந்த வாரம், மீன் அப்புறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீல உடம்பு, சிவப்பு ஓரம் வைத்த வால். அழகான ஃபைட்டர் மீன்தான். கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "சனிக்கிழமை தொட்டியும் மீனும் ஒண்ணா வாங்கிடப் போறேன்ப்பா." மீன் வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. அந்த 'ஒண்ணா'தான் இடிக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நம் வீட்டில் ஒரு ஃபைட்டர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு லிட்டர் கூடக் கொள்ளாத உருண்டைக் குவளையில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீனை டம்ளருக்கு மாற்றிவிட்டு, குவளையை நார் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பளபளவென்று வைப்பேன். மூன்று மாதம் தாங்கியது. செத்தபோது "அதுக்கு வயசாயிடுச்சு" என்று உன்னிடம் சொன்னேன். வயசாகவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் மூன்று வருஷம் இருக்கும், சிலது அதைத் தாண்டியும் போகும். அதைக் கொன்றது என் சுத்தம். ரிடையரான பிறகு இப்போது என்னிடம் இருக்கும் ஃபைட்டர், நம் துரையை வாங்கலாம் என்று படிக்க உட்கார்ந்தபோதுதான் இது எனக்கே புரிந்தது.

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா சேரும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே மீனின் செவுள் எரிந்துகொண்டிருக்கும். குளத்தில் இதைத் தீர்த்துக்கட்ட பாக்டீரியா இருக்கிறது. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது. ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் ஒட்டிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். நான் அந்த ஆறு வாரத்தை ஞாயிறுதோறும் நார் போட்டுத் தேய்த்து சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால் சனிக்கிழமை தொட்டியை மட்டும் வாங்கு. இருபது லிட்டருக்குக் குறையாமல், உயரத்தைவிட நீளம் அதிகமாக. காற்று பம்ப்பில் ஓடும் பஞ்சு ஃபில்டர் போதும். வேகமாகத் தண்ணீர் தள்ளும் ஃபில்டர் வேண்டாம், நீள வாலை இழுத்துக்கொண்டு மீனால் எதிர்நீச்சல் போட முடியாது. தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க ஒரு ஹீட்டர். தண்ணீர் மாற்றும்போது முதலில் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடு. சூட்டோடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், ஒன்றை அப்படி உடைத்த அனுபவம் எனக்கு உண்டு. குழாய்த் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். ராத்திரி முழுக்க வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். குளோரின் போகும், ஆனால் சில இடங்களில் குளோரமின் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது. அப்புறம் தினமும் ஒரு சிட்டிகை தீனியை வெறும் தொட்டியில் போட்டு வா. அது அழுகட்டும். பார்ப்பவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. தண்ணீர் சோதிக்கும் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். மீன் வாங்கும் நாள் அதுதான்.

"குவளையிலேயே உயிரோடதான்ப்பா இருக்கு" என்று கடையில் சொல்வார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்பிலும் வாழ்ந்த மீன் இது. அங்கே தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால் செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்று ஓர் உறுப்பு இதற்கு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு போகும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் தாங்கும், அவ்வளவுதான். அம்மோனியாவைத் தாங்காது. வயலில் தண்ணீர் முழங்காலளவுதான், ஆனால் நீந்திப் போக ஒரு வயலே இருக்கிறது. அந்த நாட்டில் 2019-இல் இதை தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டார்கள். நாம் என்னடாவென்றால் டம்ளரில் விடுகிறோம்! தொட்டிக்கு மூடி வேண்டும், துள்ளி வெளியே விழும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியும் வேண்டும், அது மூச்சு வாங்கும் இடம்.

இப்போது மீனுக்கு வருகிறேன். கடையில் வண்ணத்தைப் பார்த்து மயங்காதே. டப்பாவுக்கு அருகில் விரலை மெல்லக் கொண்டுபோ. நல்ல மீன் திரும்பிப் பார்க்கும், செவுள் மூடியை விரித்துச் சிலிர்க்கும், குறைந்தது விரலோடு கொஞ்ச தூரம் வரும். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடப்பது வேண்டாம். உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளியோ, மேலே பொன்தூள் படிந்தது மாதிரி மினுக்கமோ இருக்கிறதா பார். மேலேயிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நின்றால் அந்த மீன் பிழைப்பது அரிது. 'டிராகன் ஸ்கேல்' என்று தடித்த வெள்ளிச் செதிலோடு ஒரு ரகம் காட்டுவார்கள். வளர வளர அந்தச் செதில் சிலதுக்குக் கண்ணையே மூடிவிடும். முதல் மீனுக்கு நான் சொல்வது பிளகாட், அதாவது குட்டை வால் ரகம். பார்க்க எளிமைதான், ஆனால் சுறுசுறுப்பாக நீந்தும், வால் கிழிகிற தொல்லை குறைவு. துரையும் பிளகாட்தான். உன் படத்தில் இருந்த நீள வாலை இரண்டாவது மீனாக வைத்துக்கொள்.

உன்னை எனக்குத் தெரியும். மூலையில் வாடிக் கிடப்பதைப் பார்த்து "பாவம்ப்பா" என்று அதையே தூக்கிக்கொண்டு வருவாய். செய்யாதே. முதல் மீனே நோயாளியாக இருந்தால் நீதான் உடைந்துபோவாய். இரண்டு ஆண் மீனை ஒரே தொட்டியில் விடக் கூடாது என்பது உனக்கே தெரியும். பெண்ணைத் துணைக்கு விடலாமே என்றும் நினைக்காதே, அதையும் கடித்துக் குதறும். தனியாக இருப்பதில் அதற்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே தொட்டித் தண்ணீரில் இருபது நிமிஷம் மிதக்கவிடு. பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்று. கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடு, கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். அன்றைக்குத் தீனியும் வேண்டாம். மறுநாளிலிருந்து காலையில் மூன்று உருண்டை, சாயங்காலம் மூன்று, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. தீனி டப்பாவைக் குலுக்கினாலே துரை கண்ணாடியோரம் வந்து உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு நிற்பான், நாலு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி. நம்பாதே. உங்கள் அம்மா நம்பி, நான் போட்டது தெரியாமல் தானும் போட்டு, அவன் வயிறு உப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினான். இரண்டு நாள் ஒன்றும் போடாமல் விட்டோம், சரியானான்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் மேல் சோப்பு நுரை மாதிரி குமிழிகள் அடையாக நிற்கும். பதறித் துடைத்துவிடாதே. ஆண் மீன் முட்டைக்காகக் கட்டும் கூடு அது. பெண்ணே இல்லாவிட்டாலும் கட்டும். துரை ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் கட்டுவான். வாயிலிருந்து ஒவ்வொரு குமிழியாக விட்டு, உடைந்த இடத்துக்கு மறுபடி வந்து ஒட்டிவிட்டுப் போவான். நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வால் ஓரம் கறுத்து அரிக்கிற மாதிரி தெரிந்தால் மருந்துக்கு ஓடாதே, முதலில் தண்ணீரைச் சோதி. பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஒன்று செய்திருக்கிறேன். இன்று ஒரு புதுப் பஞ்சு வாங்கி, துரையின் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நீ வருவதற்குள் அதில் பாக்டீரியா நன்றாகப் பிடித்துவிடும். அவன் தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் கட்டித் தருகிறேன். ஆறு மணி நேரப் பயணம்தானே, தாங்கும். போனதும் உன் ஃபில்டரில் மாட்டிவிடு. காயவிடாதே, குழாயடியில் மட்டும் கழுவிவிடாதே.

அன்புடன்,
அப்பா