நான்கு புள்ளி, இரண்டு புள்ளி

முருகன் துணை

மன்னார்குடி
ஐப்பசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பாப்பா மூவரின் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். தைலம் தேய்த்துக்கொண்டு சமையல் நடக்கிறது. குறுவை நெல் அறுத்துக் கொட்டிய இடத்திலேயே மழையில் நனைந்து முளைத்துவிட்டது. அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. சம்பா நடவு ஆகிவிட்டது. சின்னத்தை வீட்டு விஷயமும் ஒருவழியாக முடிந்தது.

மூன்று மாதமாக முதல் வாரத்தில் பணம் தவறாமல் வருகிறது. குரல் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. பிறகு கட்டைவிரல் படம் ஒன்று வந்து சேர்கிறது. குறை சொல்லவில்லை தம்பி, வேலை இருக்கும். ஆனால் நீ கடைசியாக விழித்திருந்த நேரத்தைப் போனில் பார்த்து அம்மா தினமும் காலண்டர் தாளில் குறித்து வைக்கிறாள். டொராண்டோ கணக்கில் அது விடியற்காலை மூன்று, மூன்றரை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. வெறும் வயிற்றோடு படுக்காதே. ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுப் படு.

நான் எழுத வந்தது வேறு விஷயம்.

ஜூலை மாதம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து நம் பிள்ளைகளோடு ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ வைத்துப் பேசுகிறவர்களின் அலைவரிசையில், பேசினார் என்று பத்திரிகையில் படித்தேன். படித்த கையோடு ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். உன் நீல அட்டை நோட்டு அங்கேதான் இருந்தது. முதல் பக்கத்தில் '5-5-2005, பி.எஸ்.எல்.வி. சி-6, ஸ்ரீஹரிகோட்டா' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். அன்று கார்ட்டோசாட்டோடு சேர்ந்து மேலே போன ஹாம்சாட், அந்த ஹாம்காரர்களுக்கான செயற்கைக்கோள், அதன் எடை 42.5 கிலோ என்பதைக்கூட விடவில்லை. அதற்குக் கீழே தேதி, உதிக்கும் நேரம், மறையும் நேரம், 'கேட்டது 4 நிமிடம், இரைச்சல் அதிகம்' என்று பக்கம் பக்கமாக வரிசை. பதினான்கு வயசுப் பையனின் கையெழுத்தா அது! என் சர்வீஸில் எத்தனையோ பேரின் ரிஜிஸ்தரைப் பார்த்திருக்கிறேன், இத்தனை சுத்தமாக ஒருவரும் வைத்ததில்லை. அந்த ஹாம்சாட் 2014 ஜூலையில் பாட்டரி கெட்டு நின்றுவிட்டதாம். உனக்கு அது தெரியுமோ என்னவோ.

மேலத்தெரு வாத்தியாரின் மகள் தஞ்சாவூரில் இன்ஜினீயரிங் படிக்கிறது. நோட்டைக் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரேடியோ அலையை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற, கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்றும் மடிக்கணினியுமாக வந்து நின்றது. ஏரியல் நான் செய்தேன். ஒன்றரை முழம் பி.வி.சி. குழாயில், தையற்காரர் நாடா இல்லை, தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டி மூன்று துண்டு பூட்டினேன். நடுத்துண்டு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் பிடிக்கப் போகிற ரேடியோ அலையின் நீளம் இரண்டு மீட்டர், அதில் பாதிதான் கணக்கு என்று அந்தப் பெண் விளக்கியது. நீ மூங்கிலும் செம்புக் கம்பியும் வைத்துக் கட்டியதும் அதே கணக்கில்தான் என்று இப்போது புரிகிறது. அதைத் துணி காய வைக்கிற கொடி என்று நான் சொன்னேன். நினைவிருக்கிறதா?

முதலில் விண்வெளி நிலையத்தைத்தான் பிடித்தோம். 145.825 மெகாஹெர்ட்ஸில் கொறகொறவென்று வந்து நிற்கிற சத்தம், மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை. சந்தோஷம்தான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று.

ஆஸ்கர்-7 என்று ஒரு செயற்கைக்கோள். 1974 நவம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து ஏவினார்கள். அந்த வருஷம் நான் சர்வீஸில் புதியவன். 1981-இல் பாட்டரி குறுக்குச்சுற்றாகி அது பேச்சை நிறுத்திவிட்டது. எல்லோரும் கணக்கை முடித்துவிட்டார்கள். இருபத்தொரு வருஷம் கழித்து, 2002 ஜூன் 21 அன்று, திடீரென்று அதன் குரல் கேட்டது. கெட்டுப்போன பாட்டரிக்குள் குறுக்கே ஒட்டியிருந்தது தானாகவே விட்டுப்போய், சூரியத் தகட்டின் மின்சாரம் நேராக ரேடியோவுக்குப் போக ஆரம்பித்திருக்கிறது. பாட்டரி செத்தது செத்ததுதான். அதனால் வெயில் பட்டால் பேசும், பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். திரும்ப வெயிலுக்கு வந்ததும் எழுந்துகொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான்.

அது மோர்ஸில் பேசுகிறது, தம்பி. நான் தந்தி ஆபீஸில் தட்டிய அதே புள்ளியும் கோடும்.

145.97 பக்கம் அந்தப் பெண் முள்ளை நகர்த்திக்கொண்டே இருந்தது. நான் ஏரியலைப் பாமணி ஆற்றுப் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்கு அடியில், எறும்பு ஊர்வது போல, ஒரு ஊதல். எங்கள் ஆபீஸில் தந்தியை ஒலிக்கிற சவுண்டர் கருவி கட், கடா என்று தட்டும். இது குழல் ஊதுவது போல வருகிறது. காது பழக ஒரு வாரம் பிடித்தது. நீடாமங்கலம் கேட்டில் நிற்கும்போது ரயில் நம்மைத் தாண்டியதும் ஊதல் சுருதி இறங்குமே, அதுபோல இதுவும் கிட்டே வந்து விலகுவதற்குள் இறங்கிக்கொண்டே போகிறது. உயரம் 1,450 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் நல்ல நாளில் இருபது நிமிடம்கூடக் கிடைக்கும். எட்டாம் நாள் எனக்குத் தெளிவாகக் கேட்டது: நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. எச், ஐ. எச், ஐ. அதன் பிறகு எண்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பிரித்துப் படிக்கிற வழியைத் தேடிக்கொண்டிருந்தது. நான் காலண்டர் தாளின் பின்புறம் நேராக எழுதிக்கொண்டு போனேன். பென்சில் தானாக ஓடியது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு எழுத்துகூட வாங்காத கை. ஹாம்காரர்கள் சிரிப்பதற்கு அந்த எச், ஐ-யைத்தான் தட்டுவார்களாம். 1961 டிசம்பரில் போன முதல் ஆஸ்கரும் அதையேதான் தட்டியிருக்கிறது. அந்தப் பெண் "தாத்தா, எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றது. தினமும் மாலை வருகிறது. சொல்லிக்கொடுக்கிறேன்.

உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதை எழுதத்தான் நான்கு நாளாகப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எத்தனை முறை கேட்டாய். "அப்பா, தேர்வில் மோர்ஸ் உண்டு, உங்களுக்குத்தான் தெரியுமே." வருகிற வாரம், பரீட்சை முடியட்டும், ஆபீஸில் வேலை என்று தள்ளினேன். உன் நோட்டு 2006 பிப்ரவரியில் நிற்கிறது. அதற்குப் பிறகு வெற்றுத் தாள். ஹாம் ரேடியோ உரிமத் தேர்வுக்கு மனுப் போட்டிருந்தாய். அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை, உன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தாய். பதில் வந்தது தம்பி. தை மாதம் வந்தது. தபால்காரர் தெரிந்தவர் என்பதால் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸிலேயே என் கையில் கொடுத்துவிட்டார். கவரைப் பிரித்தவன் நான். சென்னையில் தேர்வு, தேதி, நேரம் எல்லாம் இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இராத்திரி டிரங்குப் பெட்டியில் என் சர்வீஸ் காகிதங்களுக்கு அடியில் போட்டேன். மூன்று வாரம் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்று கேட்டாய், எனக்கு ஏதாவது வந்ததா என்று. 'வரவில்லை' என்றேன்.

இரவு இரண்டு மணிக்கு வந்த சாவுத் தந்தியை, கொண்டு போக ஆள் இல்லை என்று நானே சைக்கிளில் கூத்தாநல்லூர் வரை மிதித்துக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தாறு வருஷத்தில் ஊரார் செய்தி ஒன்றைக்கூட நான் நிறுத்தி வைத்ததில்லை. நிறுத்தியது உன்னுடையது ஒன்றைத்தான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை கெட்டுவிடும் என்று அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எங்கள் ஆபீஸில் மோர்ஸ் சாவிகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துப் போனதை நான் நின்று பார்த்தவன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அது போன பிறகு நான் கவுண்ட்டரில் ரசீது கிழித்தேன். அந்த வித்தையை நீ ஆசையோடு கேட்டபோது, இவனும் இப்படி நின்று பார்க்க நேரும் என்று பயந்தேன். மூன்று மா நிலத்தை விற்று உன்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தேன். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நீ நன்றாகத்தான் வந்தாய். ஆனால் வந்த கடிதத்தை வரவில்லை என்று சொன்னது தப்பு. 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்தினார்களே, கடைசி நாள் பஸ் ஏறிப் போய் உனக்கு ஒன்று கொடுத்தேன். 'நலம் அப்பா' என்று இருந்திருக்கும். படிவத்தில் முதலில் இந்தக் கடித விஷயத்தைத்தான் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு வேறு படிவம் வாங்கினேன்.

கஜா அடித்த 2018-இல் நான்கு நாள் எங்கள் போன் கிடைக்காமல் நீ அங்கே என்ன பாடுபட்டாய் என்று, ஐந்தாம் நாள் உன் குரலைக் கேட்டபோதுதான் தெரிந்தது. தென்னை போனது, கூரை போனது என்று நான் அடுக்கிக்கொண்டே இருந்தேன். நீ "பேசுங்கள், பேசிக்கொண்டே இருங்கள்" என்று மட்டும் சொன்னாய். இப்போது இந்த மூன்று மாதமாக எனக்கு அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மருமகள் அம்மாவோடு பேசும்போது குரல் சரியாக இல்லை என்கிறாள் அம்மா. நான் எதுவும் கேட்கவில்லை. அங்கே வேலையிலோ வீட்டிலோ எதுவாக இருந்தாலும், எங்களுக்குச் சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்காதே. பணம் அனுப்ப முடியாவிட்டால் அனுப்ப வேண்டாம். பென்ஷன் வருகிறது, நெல் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. மூன்று மணி வரை விழித்திருக்காதே. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அந்தக் கடிதத்தை இதனுள் வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. உன் நோட்டை அனுப்பவில்லை, அது இங்கேயே இருக்கட்டும். பிப்ரவரிக்கு அடுத்த தாளிலிருந்து நான் எழுதிக்கொண்டு வருகிறேன். உன் கட்டங்களின்படியே தேதி, உதிக்கும் நேரம், மறையும் நேரம் எல்லாம் போடுகிறேன். ஆஸ்கர்-7 ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. இங்கே காலையில் நான் கேட்கிற அதே பெட்டி, அன்றைக்கே உங்கள் ஊருக்கு மேலும் வந்து போகிறது. அந்த நேரங்களையும் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கி, உன் நோட்டிலேயே வலது ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

நாளை காலை 7.50-க்கு நம் பக்கம் வருகிறது. மழை விட்டிருந்தால் மாடிக்குப் போவேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது அங்கே வருகிறவர்கள் இருந்தால் சொல், கொடுத்தனுப்புகிறோம். நீயே வந்தாலும் சரி.