துப்பாக்கி கேம்னு ஒரே சொல்லுல தள்ளிராதீங்க

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, கம்ப்யூட்டர் கேம்னாலே சுடறதும் வெட்டறதும்தான், அதுல கதையும் கிடையாது ஒரு கலையும் கிடையாதுன்னு. அவருக்க வெப்ராளம் எனக்கு புரியாம இல்ல, எனக்க வீட்டுலயும் ஒரு பய இருக்கான், கையில இருந்து போன பிடுங்கினா அவனுக்கு சோறு இறங்காது. ஆனா நான் தக்கலை பக்கத்துல 15 வருசமா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சு பிழைக்கிறவன், அதனால ஒரே ஒரு கேம பத்தி மட்டும் சொல்லணும்னு தோணிச்சு, நீளமா போச்சுன்னா வெட்டிக்கிடுங்க.

கேமுக்க பேரு பயோஷாக் இன்ஃபினிட். புதுசு ஒண்ணும் இல்ல, 2013 மார்ச்ல வந்தது. அமெரிக்காவுல இர்ரேஷனல் கேம்ஸ்னு ஒரு கம்பெனி, கென் லெவின்னு ஒருத்தரு தலைமையில செஞ்சது. இவங்களே 2007ல பயோஷாக்னு ஒண்ணு விட்டிருந்தாங்க, அது கடலுக்கு அடியில கட்டின பட்டணம், இது ஆகாசத்துல மிதக்குற பட்டணம். நான் இத விளையாடறதுக்குன்னு வாங்கல, சத்தியமா. ஒருத்தருக்கு கிராபிக்ஸ் கார்டு மாத்திக் குடுத்தா சூடாகுதா, நடுவுல நின்னு போகுதான்னு பாக்க ஏதாவது ஒரு கேம ஓட்டித்தான் ஆகணும், இதுக்கு 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் போதும்னு போட்டிருந்தான், பழைய சிஸ்டத்துலயும் ஓடும், அதான் வாங்கினேன். டெஸ்ட் பண்ண பத்து நிமிசம்னு உக்காந்தவன் அன்னைக்கு ஷட்டர இறக்கும்போ மணி 11.

தொடக்கத்த மட்டும் சொல்லுதேன். 1912ஆம் வருசம், ராத்திரி, கொட்டுற மழை, ஒரு சின்ன வள்ளம், அதுல ஒரு ஆணும் பொண்ணும் யாரு துடுப்பு போடறதுன்னு வழக்கு பேசிட்டே வந்து நம்மள ஒரு லைட்ஹவுஸ்ல இறக்கிவிட்டுட்டு அவங்க பாட்டுக்கு போயிருவாங்க. நாம புக்கர் டிவிட்னு ஒரு ஆளு, பழைய பட்டாளக்காரன், கடன்ல முங்கினவன், ஒரு பிள்ளைய கூட்டிட்டு வந்து குடுத்தா கடன் தீரும்னு பேச்சு. ஆடி மாசம் முட்டம் லைட்ஹவுஸ் பக்கம் பாறையில போய் நின்னவங்களுக்கு அந்த காத்தும் அலை மோதுற சத்தமும் அப்படியே இருக்கும், எனக்கு முதல்ல பிடிச்சுப் போனது அதுதான். மேல ஏறி மூணு மணிய 1, 2, 2ன்னு கணக்கா அடிச்சா வானம் செவக்கும், ஒரு நாற்காலி வரும், உக்காந்த உடனே கை ரெண்டையும் பூட்டிரும், அப்புறம் ராக்கெட் கணக்கா மேல தூக்கும், 5,000 அடி, 10,000 அடி, 15,000 அடின்னு ஒரு குரல் எண்ணிட்டே வரும், மேகம் விலகும்.

கடைக்கு சாயா கொண்டு வந்த பையன் டம்ளர கையில வச்சிட்டு அப்படியே நின்னுட்டான். நல்ல வெயில், வெள்ளை மேகம், தெருவும் கோபுரமும் பெரிய தேவதை சிலையும் தனித்தனியா மிதந்து வருது, ஒரு கடை பைய மேல வந்து பக்கத்து தெருவோட ஒட்டிக்கிடுது, கொஞ்ச நேரத்துல விலகிப் போகுது. கொலம்பியான்னு அந்த ஊருக்கு பேரு. மாத்தூர் தொட்டிப்பாலத்துல 115 அடி உயரத்துல நின்னு கீழ பரளியாத்த எட்டிப் பாத்தா உள்ளங்கால் கூசும் பாத்தீங்களா, எனக்கு கடை நாற்காலியில உக்காந்துட்டே அந்த கூச்சம் வந்துது. தண்ணியில மெழுகுவத்தி மிதக்கும், பாட்டு கேக்கும், பக்கத்து கடை அண்ணன் சபையில பாட்டு குழுவுல பாடுறவரு, அந்த பாட்ட கேட்டுட்டு நல்லா பிடிச்சிருக்கான்னு சொன்னாரு. ஆனா ஊருக்குள்ள போகணும்னா ஒரு போதகர் நம்மள தண்ணியில முக்கி ஞானஸ்நானம் குடுப்பாரு, வேண்டாம்னு சொல்ல வழியே கிடையாது, அத பாத்ததும் அண்ணனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. அவரு மட்டும் இல்ல, கேம் வந்த புதுசுல வெளிநாட்டுல ஒரு கிறிஸ்தவர் இந்த ஒரு காட்சிக்காகவே ஸ்டீம்னு கேம் விக்கிற ஆன்லைன் கடையில சொல்லி காச திருப்பி வாங்கினாரு.

கதையில நாம தேடிப் போற பிள்ளை எலிசபெத். சின்ன வயசுல இருந்தே ஒரு கோபுரத்துல அடைச்சு வச்சிருக்கானுவ, காவலுக்கு வீடு உயரத்துல ஒரு இயந்திரப் பறவை. மத்த கேம்ல இப்படி ஒருத்தர கூட்டிட்டு போனா நமக்கு உயிர் போயிரும், அவங்கள யாரும் சுட்டுராம பாக்கணும், அவங்க சொவத்துல முட்டிட்டு நிப்பாங்க. இந்த பிள்ளைய நாம பாக்கவே வேண்டாம், அவதான் நம்மள பாப்பா, தோட்டா தீந்துபோச்சுன்னா எங்கயோ தேடி எடுத்து இந்தா பிடின்னு வீசுவா, சும்மா நடக்கும்போ கடை கண்ணாடிய பாத்து நிப்பா, கடற்கரையில டான்ஸ் ஆடுவா. எனக்க வீட்டுக்காரி ஒரு நாள் சோத்து பாத்திரம் கொண்டு வந்தவ அஞ்சு நிமிசம் பாத்துட்டு கேக்குறா, அந்த பிள்ளைக்க சுண்டுவிரல்ல என்ன, தையக்காரங்க போடுற தொப்பி மாதிரி இருக்குன்னு. நானும் எனக்க அக்கா மவனும் மூணு நாளா விளையாடுறோம், ரெண்டு பேரும் அத கவனிக்கல. விரல் பாதி கிடையாது அதுக்கு, மொத்த கதையும் அந்த விரல்லதான் இருக்கு, அதுக்கு மேல சொன்னா விளையாடப் போறவங்க என்ன அடிக்க வருவாங்க.

அக்கா மவன் நாகர்கோவில்ல இன்ஜினியரிங் படிக்கான், அவனுக்கு பிடிச்சது ஆகாசத்துல ஓடுற தண்டவாளம். சரக்கு கொண்டு போறதுக்கு போட்டது, கையில ஒரு சக்கர கொக்கி இருக்கும், அத மாட்டி தொங்கிட்டே பறக்கலாம், சண்டை நடுவுல மாமா சாடுங்க சாடுங்கன்னு எனக்க காதுகிட்ட கெடந்து அலறுவான். முதல் ரெண்டு நாள் எனக்கு தலை சுத்திச்சு, பின்ன பழகிப்போச்சு.

குறை இல்லாம இல்ல. ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சிக்க முடியாது, மூணாவது எடுத்தா ஒண்ண கீழ போடணும். நடுவுல ஒரு பேய் சண்டை வரும், செத்தவன எல்லாம் எழுப்பி எழுப்பி விட்டுட்டே இருக்கும், அத மூணு இடத்துல வச்சிருக்கான், சவம், ஒரு இடம் போதாதா. எல்லாத்துக்கும் மேல நாம நினைச்ச இடத்துல சேவ் பண்ண முடியாது, செக்பாயிண்ட்னு அவன் குறிச்சு வச்ச இடத்துலதான் சேவ் ஆகும். இத செஞ்சவனுக்கு தென்மேற்கு பருவமழைய பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்கேன், காத்து அடிச்சு ஒரு ரப்பர் கிளை கம்பியில விழுந்தா எங்க ஏரியாவுல கரண்ட் போயிரும், யூபிஎஸ் பேட்டரி நாலு நிமிசம் தாங்கும், அரை மணி நேரம் கஷ்டப்பட்டு ஜெயிச்சதெல்லாம் போச்சு.

ரத்தத்த பத்தியும் மறைக்காம சொல்லிருதேன், கடிதம் எழுதினவரு சொன்னதுல இந்த பங்கு நியாயம்தான். முதல் சண்டையிலயே அந்த சக்கர கொக்கிய ஒரு போலீஸ்காரனுக்க முகத்துல வச்சு சுத்த விடுவான், எனக்க வீட்டுக்காரி அத பாத்ததோட கடைப்பக்கம் ரெண்டு நாள் வரல. அமெரிக்காவுல 17 வயசுக்கு மேலன்னும் ஐரோப்பாவுல 18ன்னும் முத்திரை போட்டுத்தான் வித்தான், அத பாத்து குடுக்க வேண்டியது நாமதான். எனக்க பயலுக்கு 11 வயசு, அவன் கடைக்கு வந்தா மானிட்டர ஆஃப் பண்ணிருவேன். எனக்கு தோணுறது என்னன்னா இந்த கேம்ல துப்பாக்கி இல்லாம நடக்குற நேரம்தான் நல்ல நேரம், சுடறது எல்லாம் ஷூட்டர்னு சொல்லி விக்கணுமேன்னு போட்ட மாதிரிதான் இருக்கு.

இப்ப அந்த முதல் சண்டை ஏன் வருதுன்னு கேளுங்க. ஊர்ல திருவிழா, ஒரு பொண்ணு கூடையில பந்து வச்சு நீட்டுவா, நாம எடுத்த பந்துல நம்பர் 77. நமக்கு பரிசு விழுந்துட்டுன்னு கைதட்டுவான், திரை விலகும், மேடையில ஒரு வெள்ளைக்காரனும் ஒரு கறுப்பின பொண்ணும், கட்டி வச்சிருக்கானுவ. ரெண்டு பேரும் காதலிச்சதுக்கு தண்டனை, முதல் பந்து நாம எறியணும், அதுதான் பரிசு. அவ்வளவு நேரம் அழகா தெரிஞ்ச ஊரு அந்த ஒரு நிமிசத்துல வேற ஊரா ஆயிரும். பின்ன போகப்போக பாத்தா கறுப்பருக்கும் ஐரிஷ்காரனுக்கும் தனி கக்கூஸ், ஆபிரகாம் லிங்கனுக்கு கொம்பு வச்சு பேயா வரைஞ்ச படம், அவர சுட்டவனுக்கு சிலை, ஃபேக்டரி வாசல்ல ஒரு வேலைய ஏலம் போட்டு யாரு கொறஞ்ச நேரத்துல முடிப்பேன்னு கத்துறானோ அவனுக்கு குடுக்கான்.

எனக்க கடைக்கு பிரிண்டர் சரி பண்ண வந்த ஒரு சார் உண்டு, சரித்திரம் படிப்பிச்சு ரிட்டயர்டு ஆனவரு. அவரு அந்த கக்கூஸ் போர்ட பாத்துட்டு ஒரு ஸ்டூல இழுத்து போட்டு உக்காந்துட்டாரு. இது அமெரிக்கா கதை இல்லப்போ, நம்ம கதைன்னாரு. தோள்சீலை கலகம் நடந்த மண்ணு இது, 1859ல திருவிதாங்கூர் ராஜா உத்தரவு போட்டு நாடார் பெண்டுவ மேல துணி போடலாம்னு சொன்னப்பவும் மேல்சாதிக்காரங்கள மாதிரி உடுத்தப்பிடாதுன்னு ஒரு வால சேத்துத்தான் விட்டான், அதுக்கு முன்னாலயே சாமித்தோப்புல அய்யா வைகுண்டர் எல்லாரும் ஒரே கிணத்துல தண்ணி கோரணும்னு சொல்லி முத்திரிக் கிணறு வெட்ட வச்சாரு, தலைப்பாகை கெட்டிட்டு வான்னு சொன்னாருன்னு ஒரு மணி நேரம் பேசினாரு, நான் துப்பாக்கிய பிடிச்சிட்டு ஒரு தெருவுல அப்படியே நின்னேன், எலிசபெத் ஒரு தூண்ல சாஞ்சு நின்னா.

ஆனா அதே சாருக்கு பின்பாதியில கோவம் வந்துட்டு. டெய்சி ஃபிட்ஸ்ராய்னு ஒரு கறுப்பின பொண்ணு, அந்த ஊர ஆளுற காம்ஸ்டாக் வீட்டுல வேலைக்காரியா இருந்து கொலைப்பழி சுமத்தினதுல ஓடிப்போய் தொழிலாளிகள சேத்து கலகம் பண்ணுறவ. அவள கடைசியில ஒரு சின்ன பயலுக்க தலையில துப்பாக்கி வைக்கிறவளா காட்டிட்டு, காம்ஸ்டாக்கும் ஃபிட்ஸ்ராயும் ஒண்ணுதான்னு புக்கர் வாயால சொல்ல வச்சிருவான். அடிச்சவனும் அடி வாங்கினவனும் ஒண்ணாலே, அப்ப அந்த பந்து, அந்த மேடை எல்லாம் எதுக்கு காட்டினான்னு சார் கேட்டாரு. மாமா இந்த கதையில ஒரே ஊரு வேற வேற மாதிரி இருக்குற எத்தனையோ உலகம் இருக்கு, அந்த உலகத்துல அவ அப்படின்னு அக்கா மவன் சொல்லிப் பாத்தான், சார் ஒத்துக்கிடல. எனக்கும் சார் சொன்னதுதான் சரின்னு பட்டுது. கம்பெனிக்காரனுக்கே உறுத்தியிருக்கும் போல, 2014ல விட்ட கூடுதல் பாகத்துல அவ மனசார அப்படி செய்யல, வேற ரெண்டு பேரு சொல்லி செய்ய வச்சதுன்னு மாத்தினான். காலம் போன பிறகு போட்ட ஒட்டு மாதிரிதான் அது இருக்கு.

இவ்வளவும் ஒரு துப்பாக்கி கேம வச்சு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் ஒரு காலேஜ் பயலும் கடை அடைக்குற நேரம் வரைக்கும் போட்ட சண்டை. வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தா அது எவ்வளவு மோசமா இருந்தாலும் உங்க பேப்பர்ல கால் பக்கம் எழுதுறீங்க, கேம பத்தி எழுதுறது யாராவது ஒரு பய வீட்ட விட்டு ஓடினாத்தான். மாசத்துக்கு ஒண்ணாவது, விளையாடி பாத்த ஒரு ஆள வச்சு, எந்த வயசுக்காரனுக்கு குடுக்கலாம், கதை எப்படி, எங்க சொதப்பினான்னு எழுதுங்க, பெத்தவங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும். ஆள் இல்லன்னா உங்க நிருபர அனுப்புங்க, கடை ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மழை இல்லாத நாளா பாத்து வரச் சொல்லுங்க, சாயாவும் பழம்பொரியும் எனக்க செலவு.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் கடைக்காரன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.