கரை மரங்கள்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். உன் புதுவீட்டுப் படங்கள் பார்த்தேன், ஹோமத்தில் கூலிங்கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறாயே, கமலா அக்கா ஒன்றும் சொல்லவில்லையா? சரி, அது போகட்டும். போன வாரம் தெற்குப் பிரான்சிலிருக்கும் கனால் து மிதி என்கிற பழைய கால்வாயில் படகில் போய்வந்தேன். அதைப் பற்றி உன்னிடம்தான் பேச வேண்டும், மற்றவர்கள் "ஓ, மரமா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஓம்ப்ஸிலிருந்து லெ சோமாய் வரை ஒரு பகல் பயணம். லைசென்ஸ் கேட்பதில்லை, கொஞ்ச நேரம் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சாவியைத் தந்துவிடுகிறார்கள். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கரையில் சைக்கிளில் வருகிறவர்கள் கையாட்டிவிட்டு நம்மைத் தாண்டிப் போகிறார்கள். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லாக்கை, அதுதான் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு வைத்த தொட்டியை, மூடிவிட்டார்கள், நாங்களும் கதவுக்கு முன்னால் படகைக் கட்டிப்போட்டு ரொட்டியும் சீஸும் தின்றோம், யாருக்கும் அவசரமில்லை. அந்த லாக்கின் சுவர் நேராக இல்லை, சேகர். இரண்டு பக்கமும் வெளியே வளைந்து முட்டை வடிவத்தில் இருக்கிறது, பின்னாலிருக்கும் மண் தள்ளினாலும் சுவர் உள்ளே சரியாமலிருக்க. நீ இருந்திருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பாய், அன்றைக்கு நாங்கள் லெ சோமாய் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம். ஆர்ஜான்ஸைத் தாண்டினால் 54 கிலோமீட்டருக்கு லாக்கே கிடையாது. வழியில் ரெப்யூத்ர் ஆற்றுக்கு மேலே கல்லில் கட்டிய ஒரு தொட்டிப்பாலம், 1676-இல் கட்டியது. கீழே ஆறு ஓட, அதன் மேல் நாம் படகில் போகிறோம்!

இந்தக் கால்வாயை வெட்டிய ரிக்கே என்பவர் எஞ்சினியரே இல்லை, உப்பு வரி வசூல் குத்தகைக்காரர். நம் பெரியசாமி சார் கேட்பாரே, "தண்ணி எங்கேயிருந்து வருது, அதை முதல்ல சொல்லு" என்று, அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்த மனிதர் இவர்தான். கறுப்பு மலை ஓடைகளைத் திருப்பி, சேன் ஃபெரெயோலில் அணை கட்டித் தேக்கி, கால்வாயின் மிக உயரமான இடமான நோரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் இறக்கினார். 1666-இல் அரச ஆணை கிடைத்தது, சொந்தப் பணத்தைக் கொட்டிக் கடனாளியாகி 1680-இல் செத்துப்போனார். அடுத்த வருஷம் கால்வாயைத் திறந்தார்கள். நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன். கரை முழுக்கப் பிளாட்டான் மரங்கள், சுமார் 42,000 இருந்தன. ரிக்கே வைத்தவை அல்ல, பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் நட்டவை. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், நிழலில் தண்ணீர் ஆவியாவது குறையும். காலையில் அந்தப் பச்சைக் கூரைக்கு அடியில்தான் போனோம். ஒரு வளைவு தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. மரமே இல்லை. கரை நெடுக வெட்டிய அடிக்கட்டைகள். அதற்கப்புறம் படகில் யாருமே பேசவில்லை.

ஒரு பூஞ்சை நோய். இந்தக் கால்வாயில் 2006-இல் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளின் வெடிமருந்துப் பெட்டி மரத்தில் ஒட்டிக்கொண்டு பிரான்சுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். பட்டையில் காயம் பட்டால் அதன் வழியாக உள்ளே போகும். பக்கத்து மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அடுத்த மரத்துக்கும் தாவும், தண்ணீரிலும் பரவும். மருந்து கிடையாது. நோய் வந்ததை மட்டுமில்லாமல் சுற்றியிருப்பதையும் வெட்டி எரிக்கிறார்கள். படகுக் கயிற்றை மரத்தில் கட்டக்கூடாது என்கிறார்கள், கயிறு உரசினாலே காயம்தானே. ஆனாலும் ஒருத்தர் கட்டிவிட்டு நிழலில் தூங்குகிறார், எனக்கு வந்த கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். நியாயமான கோபம்தான்.

வெட்டிய இடங்களில் வேறு வகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள், ஓக் கன்றுகள் நிறையப் பார்த்தேன். ஒரே மரத்தை வரிசையாக வைத்தால் ஒரே நோய் மொத்தத்தையும் கொண்டுபோய்விடும் என்று நீ உன் மேலதிகாரியோடு மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. நீ சொன்னதுதான் சரி, இன்னொரு தடவை அவரிடம் போய்ச் சொல்.

அப்புறம், ரிட்டயர் ஆனபிறகு வருகிறேன் என்கிற கதை வேண்டாம். அந்த நிழல் உனக்காகக் காத்திருக்காது. விசாவுக்கு வேண்டிய அழைப்புப் பத்திரத்துக்கு இங்கே நகராட்சியில் நான் எழுதிக்கொடுக்க வேண்டும். உன்னுடைய, கமலா அக்காவுடைய பாஸ்போர்ட் நகலை இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
ரவி