‘வேண்டாம்’ என்றவனின் அறையில் ஒரு காட்சி

தாய்லாந்தில் ஆண்களுக்கிடையிலான காதலைத் தொலைக்காட்சித் தொடர்களாக எழுதியும் தயாரித்தும் வரும் அனைவருக்கும்,

வணக்கம். 2014இல் பள்ளி மாணவர் இருவரின் காதலைச் சொன்ன உங்கள் தொடர் ஒன்று நாட்டின் எல்லை தாண்டிப் பேசப்பட்டது. அன்று முதல், உங்கள் மொழி தெரியாமல், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை மட்டும் நம்பிப் பார்த்து வருபவன் நான். 2025 ஜனவரியில் ஒருபால் திருமணச் சட்டம் உங்கள் நாட்டில் நடைமுறைக்கு வந்து, தென்கிழக்கு ஆசியாவில் இதைச் செய்த முதல் நாடு என்று அது பெயர் பெற்றபோது, அந்த மாற்றத்திற்கு மக்களின் மனத்தைப் பழக்கியதில் உங்கள் பி.எல். (‘பாய்ஸ் லவ்’, அதாவது ஆண்-ஆண் காதல்) தொடர்களுக்கும் சிறு பங்கு உண்டு என்றே எண்ணினேன். எனவே இந்த மடலைப் பகைவனின் குற்றப்பத்திரிகையாகக் கொள்ள வேண்டாம்.

நான் சொல்ல வந்தது, வெறியாக முற்றிய காதலை நீங்கள் காட்டும் விதம் பற்றியது. ஒருவன் மற்றவனை அவனறியாமல் படமெடுத்துச் சேர்த்து வைக்கிறான். கைபேசியின் வழியே அவன் போகுமிடமெல்லாம் அறிந்துகொள்கிறான். நண்பர்களை ஒவ்வொருவராக அவனிடமிருந்து விலக்குகிறான். குடும்பத்தின் கடனை அடைத்து அந்தக் கடனையே கயிறாக்குகிறான். நான்காம் பகுதியில் கையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியவன் பன்னிரண்டாம் பகுதியில் மோதிரம் அணிவிக்கும்போது பின்னணி இசை மாறுகிறது, நாமும் நெகிழ்ந்துபோகிறோம். நானும் நெகிழ்ந்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நன்றாக எடுக்கப்பட்ட காட்சிக்கு அந்த வல்லமை உண்டு. என் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது.

துரத்திக் காதலிக்கும் நாயகன் ஆண்-பெண் கதைகளிலும் பழையவன்தான். ஆனால் உங்கள் கதைகளில் அவனுக்குக் கூடுதலாக ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. துரத்தப்படுபவன் ‘வேண்டாம்’ என்னும்போது, தன் இயல்பைத் தானே ஏற்றுக்கொள்ளாத ஒருவனின் அச்சம் என்று கதை அதற்குப் பொருள் சொல்கிறது. அவ்வாறு பொருள் கொண்டபின், விடாமல் நெருக்குபவன் தொல்லை தருபவனாகத் தெரிவதில்லை. பூட்டிய கதவைத் திறந்துவிட்ட விடுதலையாளனாகவே தெரிகிறான். மறைந்து வாழும் ஆண்களின் அச்சம் உண்மையானது, அதை எழுதத்தான் வேண்டும். ஆயினும் ஆண்களை நேசிக்கும் ஒருவனுக்கு இந்தக் குறிப்பிட்ட ஆணைப் பிடிக்காமலும் போகலாம் என்ற எளிய வாய்ப்பை உங்கள் கதைகள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதேயில்லை. அவனுடைய மறுப்பு அச்சத்திலிருந்து வந்ததா, விருப்பமின்மையிலிருந்து வந்ததா என்று கேட்டறியும் பொறுமை நெருக்குபவனுக்கு இல்லை, கதைக்கும் இல்லை.

இருவரும் ஆண்கள், உடல்வலிமையில் ஏறத்தாழ ஒத்தவர்கள், ஆகவே ஒருவனை மற்றவன் கட்டாயப்படுத்திவிட முடியாது என்ற எண்ணமும் இதற்குத் துணை நிற்கிறது. உங்கள் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு, 2007இல் திருத்தப்படும்வரை, மனைவியல்லாத பெண்ணை மட்டுமே வன்புணர்வுக்கு உள்ளாகக்கூடியவராகக் கருதியது. திருத்தத்திற்குப் பின்தான் அது ஆணையும் காக்கத் தொடங்கியது. சட்டம் கடந்து வந்துவிட்ட இடத்தைத் திரைக்கதை இன்னும் எட்டவில்லை. தவிரவும், உங்கள் கதைகளில் வலிமை தோளில் மட்டுமா இருக்கிறது? மூத்த மாணவன், முதலாளி, நிழலுலகக் குடும்பத்தின் வாரிசு என்று நெருக்குபவனின் கையில் எப்போதும் ஓர் அதிகாரம் இருந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் பழைய இலக்கணமாகிய தொல்காப்பியம் காதலை வகுத்தபோது, ஒத்த அன்பை ஐந்து திணைகளாக்கி, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாததும் அளவு மீறியதுமான காமத்தைப் பெருந்திணை என்றும் தனியே வைத்தது. ‘தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்’, அதாவது தெளிவு என்பதே அற்றுப்போன காமத்தின் மிகுதி, பெருந்திணையின் குறிகளுள் ஒன்று. அதைப் பாடக்கூடாது என்று இலக்கணம் தடுக்கவில்லை. வேறு பெயரிட்டு வேறிடத்தில் வைத்தது. அத்திணையின் மற்றொரு குறி மடலேறுதல்: காதலியை அடையாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவில் வருவான். ஏறப்போவதாகச் சொல்வது வரை ஐந்திணைக்குள் அடங்கும், ஏறிவிட்டால் பெருந்திணை. அதிலும் பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் நெருக்கடி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மடலின் கருக்கு அறுத்தது ஏறியவனின் உடலை. ஊரார் முன் முதலில் இழந்தது அவனுடைய நாணத்தை. உங்கள் நாயகனின் வெறிக்கான விலையையோ துரத்தப்படுபவன் கொடுக்கிறான்: உறக்கம், நண்பர்கள், வேலை, சில கதைகளில் தன் இயல்பைத் தானே வெளிப்படுத்தும் உரிமை.

இது கற்பனை, பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியும் என்று நீங்கள் சொல்லக்கூடும். இந்த வகையின் வேர் 1970களில் ஜப்பானியப் பெண்கள் வரைந்த படக்கதைகளில் இருப்பதையும், தம் உடலைக் கதைக்கு வெளியே பத்திரமாக வைத்துக்கொண்டு இச்சையை எண்ணிப் பார்க்கும் இடமாக அவை அவர்களுக்கு அமைந்ததையும் அறிவேன், மதிக்கிறேன். கோட்டோவியத்தில் இருந்தது இப்போது குரலும் முகமும் உள்ள நடிகர்களிடம் வந்திருக்கிறது. ஆண்களை நேசிக்கும் இளைஞர்கள், ‘நம்மைப் போன்றவர்கள் எப்படிக் காதலிப்பார்கள்’ என்று தெரிந்துகொள்ள வேறு வழியின்றி அதைப் பார்க்கிறார்கள். திரைக்கு வெளியே நடிகர் இருவரை இணையராக்கி வைத்து, அவர்களில் ஒருவர் வேறொருவரை விரும்பினால் சினந்தெழும் ரசிகர்களின் போக்கும் இதனோடு முற்றிலும் தொடர்பற்றது என்று நான் எண்ணவில்லை. அது தனி மடலுக்குரியது.

உளவியலாளர் டோரதி டென்னவ் 1979இல் இத்தகைய மயக்கத்திற்கு ‘லிமரன்ஸ்’ என்று பெயரிட்டார். நம்பிக்கையும் ஐயமும் மாறிமாறி வந்துகொண்டிருக்கும்வரை அது வளரும் என்பது அவர் கண்டது. வாரம் ஒரு பகுதி என்று நீங்கள் கதையை நிறுத்தி நிறுத்திச் சொல்லும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் கிடைப்பது அரிது. அதனால்தான் வெறியை எழுதாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதன் பொறாமையை, உறங்காத இரவுகளை, அது ஒருவனைத் தின்னும் விதத்தை இன்னும் ஆழமாக எழுதுங்கள். ஆனால் அதற்குப் பரிசாக மற்றவனைக் கொடுத்துவிடாதீர்கள்.

குறிப்பாக ஒரு காட்சியைக் கேட்கிறேன். தன் அன்பைச் சொன்னவன் ‘வேண்டாம்’ என்ற விடையைப் பெற்று மழையில் நடந்து போகிறான். வழக்கம்போல் அவன் பின்னே போகாமல், ஒருமுறையாவது உங்கள் காமிரா அறையிலேயே தங்கட்டும். விடை சொன்னவன் கதவைத் தாழிடுகிறானா, நண்பனை அழைக்கிறானா, சொன்னதை எண்ணி வருந்துகிறானா, அல்லது நிம்மதியாக உண்டு உறங்குகிறானா என்று எங்களுக்குக் காட்டுங்கள். இத்தனை ஆண்டுகள் பார்த்தும் அவனை எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களை இனியும் பார்க்கவிருக்கும் ஒருவன்