வெடி வைக்கும் நேரத்தை ஊருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டாரத்தில் கல்குவாரிகளை ஒட்டி வாழும் எங்களுக்கு, குவாரிக்காரர்கள் கோயில் கொடைக்குத் தரும் நன்கொடை பெரிதல்ல. எத்தனை மணிக்கு வெடி வைப்பார்கள் என்று முதல் நாளே சொல்லட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! சுவரில் விரிசல் விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரிய வேண்டும். குவாரி தொடங்கும் முன்பே சுற்றியுள்ள வீடுகளைப் படம் எடுத்து, கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. அப்புறம், பள்ளி விடும் நேரத்தில் லாரிகள் தார்ப்பாய் மூடாமல் ஊருக்குள் பறக்கக் கூடாது.

2022 மே மாதம் எங்கள் மாவட்டத்திலேயே உள்ள அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதிலிருந்து வெடிச்சத்தம் கேட்டாலே இங்கே பலருக்கு நெஞ்சு பதறுகிறது.

2015 கனிமச் சட்டத் திருத்தத்தால் வந்த, குவாரி, சுரங்கக்காரர்கள் பணம் கட்டும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில், பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் முன்னுரிமை உண்டு. எந்த ஊருக்கு என்ன செலவானது என்று கிராம சபையில் வாசிக்க வேண்டும். குவாரி நிறுவனத்தாரும் ஆளை அனுப்பாமல் தாங்களே வந்து உட்கார்ந்து, கேட்பதற்குப் பதில் சொல்லட்டும்.

– ஒரு வாசகர், ராதாபுரம்