மூச்சுவேரை மிதிக்காமல் குப்பை எடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் இலவசப் பிளாஸ்டிக் பைக்கு 2009இல் திங்கட்கிழமைகளில் மட்டும் தடை வந்தது. 2011இல் எல்லா நாளுக்கும் விரிந்தது. ஆனாலும் சதுப்புநிலக் காட்டில் பை சிக்கத்தான் செய்கிறது. கூடவே நைலான் வலை, பாலிஸ்டிரீன் பெட்டி.

அந்தக் காட்டில் வளரும் அப்பி அப்பி மரத்தின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் சேற்றுக்கு மேலே நிற்கும். அவற்றின் துளைகள் வழியாகத்தான் அடிவேருக்குக் காற்று போகிறது. பை போர்த்தினால் மூச்சு முட்டும். அதற்காகப் பாதி புதைந்த பையை வெடுக்கென்று இழுத்தால் வேரும் சேர்ந்து ஒடியும். வெளியே தெரிவதை மட்டும் கத்தரித்து எடுங்கள். வலையையும் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கடல் ஏற்ற இறக்க அட்டவணையை! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். வற்றும்போதே இறங்கி, ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிட வேண்டும். நூறு பேர் பரவி நடந்தால் மிதிபடுவது மூச்சுவேர்தான். ஒரே தடத்தில் வரிசையாகப் போகலாம். கறுப்புக் குப்பைப் பை வேரில் பட்டுக் கிழியும், கோணிச்சாக்கு தாங்கும். பாலிஸ்டிரீனை முதலில் பொறுக்குங்கள், உதிர்ந்தால் கையில் சிக்காது.

கன்று நடுகிறவர்கள் நாற்றின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்தாலே பாதி புண்ணியம்.

வாசகர்,
பட்டர்வொர்த்