ஏழு ஒன்றும் ஏழரை இல்லை

அன்புத் தம்பி,

டிரம்ஸில் செவன் எய்ட், அதாவது சுற்றுக்கு ஏழு எண்ணும் தாளத்தில், பீட் ஒழுங்காகப் போகிறது, ஃபில் (பீட்டை விட்டு டிரம்களில் உருட்டும் அலங்கார வாசிப்பு) எடுத்தால் மட்டும் அடுத்த சுற்றின் ஒன்றில் வந்து இறங்க முடியவில்லை, கையில் வேகம் போதவில்லையோ என்று கேட்டிருந்தாய். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உன் கை நாலுக்குப் பழகிய கை. ஸ்னேரில் நாலு, சின்ன டாமில் நாலு, நடு டாமில் நாலு, ஃப்ளோர் டாமில் நாலு என்று 16 அடி அடித்தால்தான் அதற்கு ஆசை தீரும். செவன் எய்ட்டில் ஒரு பாருக்குள், அதாவது ஒரு சுற்றுக்குள், எண்ணுக்கு இரண்டு அடி வீதம் இருக்கும் இடமோ 14. மிச்சம் இரண்டு அடி அடுத்த பாருக்குள் வழிகிறது. பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் உன்னைத் திரும்பி முறைப்பது அதனால்தான்.

முதலில் குச்சியைக் கீழே வை. வாயால் சொல்: தகிட தகதிமி. மூன்றும் நாலும் ஏழு. நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளமும் இதே கணக்குதான். ஐந்துக்கு தகதகிட, ஒன்பதுக்கு தகதிமி தகதகிட. சுங்கை சிப்புட்டில் கோயில் மேளம் கேட்டு வளர்ந்துவிட்டு, தைப்பூசத்துக்கு உருமியும் அடித்துவிட்டு, வீடியோக்காரன் சொன்னான் என்று ‘ஒன், டூ, த்ரீ’ எண்ணிக்கொண்டு உட்காராதே. எண்ணிக்கொண்டே வாசிப்பவனுக்கு ஏழாவது எண் வருவதற்குள் பாட்டு போய்விடும்.

சரி, இப்போது கை. தகிடவுக்கு வலது இடது இடது. தகதிமிக்கு வலது இடது வலது இடது. ஏழு முடிந்ததும் ஒன்று மறுபடி வலது கையில் விழும். வெறுமனே வலது இடது என்று மாற்றிக்கொண்டே போனால் அடுத்த ஒன்று இடது கையில் வரும். ஒன்றில் கிராஷ் தட்டுக்குப் போகப் பழகிய வலது கை அங்கே திகைத்து நின்றுவிடும்.

பார் முழுக்க ஃபில் போடும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளி வை. தகிட வரைக்கும் பீட்டையே வாசி, தகதிமியில் மட்டும் ஃபில். நாலு அடிதான், உன் கைக்குப் பிடித்த கணக்கு. அது தூக்கத்திலும் வந்தால், அதே இடத்தில் எட்டு அடி. அப்புறம் தகிடவையும் சேர்த்துக்கொள். ராத்திரியில் தலையணைமேல் வாசி. நம் தாமான் குடியிருப்பின் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்கே தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் விடியுமுன் செம்பனைத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டியவர்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை முதலில் ஏழு அடிக்கும் தட்டவிடு. பழகியதும் இரண்டு அடிக்கு ஒரு கிளிக் போதும். முதல் பாரில் ஒன்று கிளிக்கோடு சேரும், அடுத்த பாரில் இரண்டு கிளிக்குக்கு நடுவே விழும், மூன்றாவதில் திரும்பச் சேரும். அந்த நடுப் பாரில் ஃபில் எடுத்துத் தப்பித்தாயானால் பயம் போய்விடும்.

டேவ் புரூபெக் ஜாஸ் குழுவின் ‘டேக் ஃபைவ்’ கேள், சுற்றுக்கு ஐந்து எண்ணும் தாளம், 1959-இல் பதிவானது. ஜோ மொரெல்லோ டிரம்ஸில் தனியாக வாசிக்கும்போதும் பியானோ அந்த ஐந்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் மனிதர் அவ்வளவு இடைவெளி விட்டு, அவசரமே இல்லாமல் வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வரும் கீபோர்டு பையனிடம் இப்போதே சொல்லிவை: நீ எங்கே தடுக்கினாலும் அவன் கை நிற்கக் கூடாது.

அன்புடன்,
அண்ணன்